கட்டு என்றுதான் கேட்டது

லாட்ஜ் மொட்டைமாடியில், துணி காயப்போடும் கொடியில், சினிமா காய்ந்துகொண்டிருந்தது.

நான் படியேறி வந்தபோது டைரக்டர் அம்மாவும் கேமராக்காரர் ராஜதுரையும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். மூன்று டப்பா பிலிம், ஆயிரம் அடிக்கு மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்துப் பதினைந்து சுற்று போட்டு, பறக்காமலிருக்க நடுநடுவே கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. பங்குனி வெயில் அதன் மேல் பளபளத்தது.

"ஒரு எடத்துலகூட அறுபடல, பாருங்க" என்றாள் இசக்கித்தாய். லாட்ஜில் பெருக்கித் துடைக்க வருகிறவள். "டப்பாக்குள்ள கறுப்புத் தாள்ல சுத்தி வச்சிருந்தாவ. உப்புக் காத்துக்குத் தொட்டா பிசுபிசுங்கு. பூஞ்ச புடிச்சிரும்லா, அதான் வெயில்ல போட்டேன்."

ராஜதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் பட்ட பிலிம் செத்த பிலிம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். படம் பிடிப்பதற்கு முன்னாலேயே மூன்று டப்பாவும் போய்விட்டது. கேமராவுக்குள் ஏற்கெனவே மாட்டியிருந்த ஒரே ஒரு சுருள்தான் மிச்சம். அது நாலு நிமிஷம் இருபது செகண்ட் ஓடும் என்று சாவு வீட்டில் வயது சொல்வதுபோலச் சொன்னார்.

டைரக்டர் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெயர் அருணாசலவடிவு. ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயலும் வாழையுமாக இருக்கிற வீட்டுப் பெண். புனாவில் சினிமா படித்துவிட்டு, கிராப்பு வெட்டிக்கொண்டு, பேண்ட் போட்டுக்கொண்டு எழுபத்து மூன்றாம் வருஷம் தூத்துக்குடியில் வந்து இறங்கினாள். என்னைவிட எட்டு வயது சின்னவள் என்பதால் 'ள்' போட்டுச் சொல்கிறேன், மரியாதைக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அவள் எடுக்கும் படத்தில் கதை கிடையாது, வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. முதல் நாள் உப்பளத்தில் எங்கள் நாடகச் செட்டில் ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட் நடிகரை ஹீரோவாக்கி, கிரீடத்தோடு நிற்கவைத்து, உப்பைத் தொட்டுப் பல் தேய்க்கச் சொன்னாள். இரண்டாம் நாள் கடற்கரையில் பத்துக் கண்ணாடிகளை மணலில் குத்திவைத்து, நடுவே ஒரு எருமையை ஓட்டினாள். எருமை கண்ணாடியில் தன்னைப் பார்த்து மிரண்டு, ஹீரோவை முட்டிவிட்டது. இந்தப் படத்தில் உங்கள் முகமே தெரியாது என்றும் அதற்குப் பிறகு சொன்னதால், அவர் அன்றைக்கே ரயிலேறினார். ஹீரோயின் அதற்கு முந்தின நாளே, தோணியைப் பார்த்த மாத்திரத்தில் வாந்தியெடுத்து, மெட்ராஸ் போய்விட்டாள்.

"ஒரே ஷாட்" என்றாள் அருணாசலவடிவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட் பண்ணாம ஒரே ஷாட். தோணியில கல்யாணம். சீனித்தாய்க்கா, நீங்கதான் பொண்ணு."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. நான் பதினாறு வயதிலிருந்து, திருவிழாக்களில் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகி வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட். அப்போது எனக்கு முப்பத்து நாலு. ஓட்டப்பிடாரத்திலிருந்து உடன்குடி வரைக்கும் நான் ஏறாத மேடை கிடையாது. ஆனால் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பார்த்தது பவுடரையும் ரோஸையும் கண் மையையும்தான். ஊரில் சட்டியும் கையுமாக மீன் வாங்கப் போனால் நாடகக்கார சீனித்தாய் என்று எவனும் அடையாளம் கண்டுகொள்ளமாட்டான். இந்தப் பெண் என்னைத் தேடிவந்த அன்றைக்கு, ஒரு ஈரத்துணியைக் கொடுத்து, "எல்லாத்தயும் துடச்சிட்டு வாங்கக்கா, முகம் எங்க இருக்குன்னு பாப்போம்" என்றாள். துடைத்துவிட்டு வந்தேன். ராஜதுரை கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எந்தத் தோணியிலும் ஏறுவேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். நாலு நிமிஷம் இருபது செகண்ட் என் முகம் பிலிமில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மாப்பிள்ளைக்கு ஆள் வேண்டும். யாரைப் போடுவது என்று எல்லோரும் முழித்தபோது, அருணாசலவடிவு மைக்செட் செந்தில்வேலைக் கைகாட்டினாள்.

செந்தில்வேல் அண்ணாச்சி பாத்திரக்கடைத் தெருவில் மைக்செட் கடை வைத்திருக்கிறவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கல்யாணமாகாதவர். ஒன்பது வருஷமாக என் நாடகங்களுக்கு அவர்தான் ஒலிபெருக்கி. ஊரெல்லாம் என்னை ஏளா என்று கூப்பிடும், அவர் மட்டும் வாங்க போங்க என்பார். நான் மேடைக்கு வரும்போது மைக் என் வாய் உயரத்துக்குச் சரியாக நிற்கும். வேறு யாருக்காகவும் அவர் அப்படி எழுந்துவந்து திருகிவைத்து நான் பார்த்ததில்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி. நாடகக்காரிக்கு அதெல்லாம் எதற்கு என்று அவர் பெயருக்குப் பின்னால் ஒரு அண்ணாச்சியைப் போட்டு ஒதுக்கிவைத்திருந்தேன்.

படப்பிடிப்புக்கும் அவர்தான் ஒலிபெருக்கி ஹாரன் கட்டியிருந்தார். திரேஸ்புரத்தில் கடலுக்குள் நீளும் கல்வரிசையின் நுனியில் கேமரா, அதன் பக்கத்தில் கம்பத்தில் ஹாரன், நூறு கஜம் தள்ளித் தண்ணீரில் தோணி. அருணாசலவடிவு மைக்கில் சொல்வது தோணிக்குக் கேட்கவேண்டும். முதல் நாள் சாயங்காலம் தோணி ஆட்களை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்தபோது, அவள் "கட்" என்று கத்தியதும் என்ன நடந்தது தெரியுமா? சங்கு எடுக்கக் கடலில் முங்குகிற தோணி ஆட்கள் ஆறு பேரும் ஓடிப்போய்க் கயிற்றை எடுத்துக் கட்டினார்கள். கரையோரம் இருந்த உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் நீளச் சுவர் வேறு அவள் குரலைத் திருப்பியடித்தது. "கட்" என்று போனது "கட்டு" என்று திரும்பி வந்தது. மறுபடி கட் என்றாள், இவர்கள் இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். மூன்றாம் தடவை தோணியை ஓட்டுகிற தண்டல் தேவபிரசாதம் எழுந்து நின்று, "இன்னும் என்னத்தம்மா கட்டணும், எங்க வேட்டியவா?" என்று கேட்டார். கரையில் கூடியிருந்த ஜனம் உருண்டு உருண்டு சிரித்தது.

செந்தில்வேல்தான் அப்போது மைக்கை வாங்கி, கோயில் கொடைத் திருவிழாவில் காணாமல்போன பிள்ளையை அறிவிக்கிற குரலில் விளக்கினார். "அன்பார்ந்த தோணிக்காரர்களே, டைரக்டரம்மா கட்டுன்னு சொன்னா அது கட்டு இல்ல, கட்டு. அதாவது நிறுத்து. யாரும் எதயும் கட்டவேண்டாம். மறுபடியும் சொல்லுதேன், யாரும் எதயும் கட்டவேண்டாம்." அதற்குப் பிறகு ஒருவரும் தப்புச் செய்யவில்லை. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், நான் வைத்திருந்தேன்.

தோணியில் பெண்பிள்ளை ஏறக்கூடாது என்பது அங்கே உள்ள வழக்கம். தேவபிரசாதம் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு, தோணி எப்படியும் அடுத்த வாரம் கரையேற்றிப் பழுது பார்க்கப்போகிறது, கழுவிவிட்டால் போச்சு என்று இறங்கிவந்தார். ஆனால் ஷாட்டைக் கேட்டதும் மறுபடி எழுந்துவிட்டார். ஷாட் இதுதான். மாப்பிள்ளை தாலியைக் கழுத்துவரைக்கும் கொண்டுவருவார். கட்டுவதற்கு முன்னால் பெண் அதைப் பிடுங்கிக் கடலில் எறிவாள். சங்கு குளிக்கிற ஆட்கள் ஆறு பேரும் அதைத் தேடிக் குதிப்பார்கள், வெறுங்கையோடு மேலே வருவார்கள்.

"முத்து எடுத்த கடல்ல தாலியப் போடுதியளா?" என்றார் தேவபிரசாதம்.

"முத்துதான் பன்னெண்டு வருஷமா வரலியே மாமா" என்றாள் அருணாசலவடிவு. "ஒரு பொண்ணு தனக்கு வேண்டாங்கிறதத் தூக்கிப் போடட்டும். கடலு வாங்கிக்கிடுதா இல்லியான்னு பாப்போம்."

தேவபிரசாதம் ஒரு நிபந்தனை போட்டார். "கட்டாத தாலி வெறும் மஞ்சக் கயிறு. அதப் போட்டா எனக்கு ஒண்ணுமில்ல. கட்டிட்டா அது வேற. கட்டுன தாலி என் தோணியிலருந்து கடல்ல விழப்படாது. மாதா சாட்சியாச் சொல்லுங்க." அருணாசலவடிவு சொன்னாள். நானும் சொன்னேன்.

எனக்கு அதில் சங்கடமே இல்லை. எங்கள் செட்டில் ஒரு சட்டம் உண்டு. மேடையில் தாலி கட்டினால் இரண்டு முடிச்சுதான். மூன்றாவது முடிச்சு விழுந்தால் அது நாடகம் இல்லை, கல்யாணம். என்னோடு நடித்த ராஜபார்ட்டுகள் குடித்திருந்தாலும், வசனம் மறந்தாலும், அந்த மூன்றாவது முடிச்சுக்கு முன்னால் கை தானாக நின்றுவிடும். முந்நூற்றுப் பத்து தடவை என் கழுத்தில் தாலி ஏறியிருக்கிறது, முந்நூற்றுப் பத்து தடவையும் கழற்றிச் சவுரியோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். தோணியில் ஏறும்போது என் நாடகப் பெட்டியிலிருந்து அந்தப் பித்தளைத் தாலியைத்தான், புதுக் கயிறு மாற்றி, செந்தில்வேலிடம் கொடுத்தேன். விளையாட்டாக இந்தச் சட்டத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாலியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு எல்லாம் தயார். ஹீரோவின் பட்டுச்சட்டை செந்தில்வேலுக்குத் தோளில் பிடித்தது. நங்கூரம் போட்ட தோணியில் பாயை விரிக்கச் சொன்ன முதல் ஆள் இந்தப் பொண்ணுதான் என்று தேவபிரசாதம் முணுமுணுத்துக்கொண்டே பாயை ஏற்றினார். சங்கு குளிக்கிறவர்கள் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். கல்வரிசை முழுக்க ஜனம். மீன் விற்கப் போகாத பெண்கள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், எதற்கோ வந்த இரண்டு பாதிரியார்கள். எனக்குப் பயம் இல்லை, குஷி.

ஹாரன் கரகரத்தது. "ஸ்டார்ட்."

செந்தில்வேல் தாலியை உயர்த்தினார். மெதுவாக, மனதுக்குள் நூறு எண்ணிக்கொண்டே கொண்டுவரவேண்டும் என்பது உத்தரவு. அவர் உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது, முப்பத்தொன்று. எண்ண எண்ண அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் கரைப் பக்கம் அரை முகத்தைக் கொடுத்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, பிடுங்கும் நேரத்துக்காகக் கையைத் தயாராக வைத்திருந்தேன். கயிற்றின் மஞ்சள் வாசனை வந்தது. அவர் கைகள் என் தோளைத் தாண்டின.

அந்த நேரம் பார்த்து, கொண்டல் காற்று ஒரு அடி அடித்தது. தோணி திரும்பியது. பாய் புரண்டு வந்து எங்களுக்கும் கரைக்கும் நடுவே விழுந்தது. அருணாசலவடிவுக்கு எங்கள் இருவரையும் மறைத்திருக்கவேண்டும், அவள் அலறினாள். இருக்கிற கொஞ்ச பிலிமும் போகிறதே என்று அலறினாள்.

"கட். கட். கட்."

கிட்டங்கிச் சுவர் மூன்று தடவையும் திருப்பிச் சொன்னது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஷாட் போச்சு. கையைத் தளரவிட்டேன். என் பிடரியில் விரல்கள் அசைந்தன. நடுக்கம் என்று நினைத்தேன். ஒரு முடிச்சு. பழக்கதோஷத்தில் நின்றேன். இரண்டு. அவ்வளவுதான், கை எடுப்பார் என்று இருந்தேன். கை எடுக்கவில்லை. மூன்றாவது முடிச்சு இறுகியபோது என் பிடரி மயிர் குத்திட்டு நின்றது.

"என்ன செஞ்சீய?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கட்டுன்னுதான் கேட்டுச்சு" என்றார். "மூணு தடவ."

தேவபிரசாதம் பாயைப் பிடித்து இழுத்தபடியே எங்களைப் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். சங்கு குளிக்கிற ஆட்களில் ஒருவன் விசிலடித்தான். பாய் விலகியது. கரையில் இருந்த ஜனத்துக்கு என் கழுத்து தெரிந்ததும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், என் பதினெட்டு வருஷ மேடையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பாதிரியார்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஹாரன் மறுபடி கரகரத்தது. அருணாசலவடிவின் இங்கிலீஷும் புனாவும் பறந்துபோய், ஆழ்வார்திருநகரி மட்டும் மிச்சமிருந்தது. "ஏக்கா, கட்டு இல்ல, கட்டு இல்ல. இந்த ராஜதுரை அண்ணாச்சி நிறுத்தவே இல்லக்கா. பாய்க்கு ஓரமா உங்க ரெண்டு பேரும் கேமராவுல அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு நிமிஷம் இருக்கு. நீங்க என்னத்தயாச்சும் செய்யுங்க."

ரெண்டு நிமிஷம். என் முகம் அந்த நிமிஷமும் பிலிமில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டது இதுதானே. கையைத் தூக்கிக் கயிற்றைப் பிடித்தேன்.

"ஏளா" என்றார் தேவபிரசாதம். "அது கட்டுன தாலி. பேச்சுன்னா பேச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஆறு ஆட்களும் என்னையே பார்த்தார்கள். நாளைக்கு இந்தத் தண்ணீரில் இறங்கவேண்டியவர்கள் அவர்கள். எறியாவிட்டால் படம் இல்லை. எறிந்தால் நான் மாதா பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவள் ஆவேன். எறியாமலே இருந்துவிட்டால் என்ன ஆவேன் என்பதை நினைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. என்னைக் கேட்காமல் என் கழுத்தில் ஒருவர் முடிச்சுப் போட்டிருக்கிறார். ஆத்திரம் வந்தது, நிஜமாகவே வந்தது. அதன் அடியில் வேறு ஒன்றும் இருந்தது, அதுதான் ஆத்திரத்தை அதிகமாக்கியது.

"ஒண்ணர நிமிஷம்" என்றது ஹாரனில் ராஜதுரையின் குரல்.

நான் செந்தில்வேலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சவுரியை முன்னால் இழுத்துவிட்டேன். "மூணாவத அவுருங்க" என்றேன்.

அவர் அசையவில்லை.

"முந்தாநாள் மைக்ல ஊருக்கே சொன்னது யாரு? யாரும் எதயும் கட்டவேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னது யாரு?" என்றேன், திரும்பாமலே. "அவுருங்க. மூணாவது இல்லன்னா அது நாடகத் தாலி. நாடகத் தாலிய எங்கன வேணும்னாலும் போடலாம். என்ன தண்டல் மாமா, சரிதானா?"

தேவபிரசாதம், "ரெண்டு முடிச்சுன்னா நாடகந்தான்" என்றார். நிம்மதியாகச் சொன்னார்.

விரல்கள் மறுபடி என் பிடரிக்கு வந்தன. கட்டுவதற்குப் பிடித்ததைவிட அவிழ்ப்பதற்கு அவருக்கு அதிக நேரம் பிடித்தது. புதுக் கயிறு, இறுகிக் கிடந்தது. அவர் மூச்சு என் தோளில் பட்டது. ஒன்பது வருஷமாக மைக்கைத் திருகிவைத்த விரல்கள் இவை என்று ஒரு நினைப்பு வந்து, அதைத் துரத்தினேன். "ஒரு நிமிஷம்" என்றது ஹாரன். முடிச்சு விட்டது. "மன்னிச்சிருங்க" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நான் கரையைப் பார்த்துத் திரும்பினேன். நேராகக் கேமராவைப் பார்த்தேன், பார்க்கக்கூடாது என்று மூன்று நாளாகச் சொல்லியிருந்தார்கள், பார்த்தேன். கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினேன். மல்லிகைப் பூ நாலைந்து உதிர்ந்தது. கையைப் பின்னுக்கு இழுத்து, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தேன். மஞ்சள் கயிறு வெயிலில் சுற்றிச் சுற்றிப் போய் விழுந்தது. ஆறு பேரும் குதித்தார்கள். தோணி ஆடியது. கரையில் அருணாசலவடிவு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிப்பது தெரிந்தது. எனக்கும் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினேன் என்றும் பிறகு சொன்னார்கள்.

அப்புறம் தண்ணீர் அமைதியானது. குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நான் என்னை அறியாமல் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் கழுத்து. முந்நூற்றுப் பத்து தடவை கழற்றி மாட்டியபோது ஒருநாளும் அது வெறும் கழுத்தாகத் தெரிந்ததில்லை. தோணியின் அந்த ஓரத்தில் செந்தில்வேல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவர் பட்டுச்சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. வெறுங்கை, வெறுங்கை. டைரக்டர் அம்மா சொன்னபடியே. ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது ஆள் நயினார், அந்த வட்டாரத்திலேயே நெடுநேரம் மூச்சுப் பிடிக்கிறவன். "பதினஞ்சு செகண்ட்" என்றது ஹாரன். தோணிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பிளந்து, முதலில் ஒரு கை வந்தது. கையில் மஞ்சள் கயிறு.

நயினார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "எடுக்கப்படாதுன்னு சொன்னாவ, தெரியும்" என்றான், குற்றம் செய்தவன்போல. "கண்ணுக்கு நேர கெடந்துச்சு. வெறுங்கையோட மேல வந்து எனக்குப் பழக்கமில்ல." கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், செந்தில்வேலைப் பார்த்தான். "யார்ட்ட குடுக்க?"

அதைக் கேமரா பிடித்ததா, அதற்குள் சுருள் முடிந்துவிட்டதா என்பது மெட்ராஸில் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். நான் அண்ணாச்சி என்று கூப்பிட வாயெடுத்தேன். ஒன்பது வருஷமாகத் தடையில்லாமல் வந்த சொல், அண்ணா வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கரையிலிருந்து ஹாரன் கரகரத்தது. "கட்" என்றாள் அருணாசலவடிவு. இந்தத் தடவை நிதானமாக, ஒரே ஒரு தடவை. கிட்டங்கிச் சுவர் அதை வாங்கித் திருப்பிச் சொன்னது.

செந்தில்வேல் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இப்ப என்னன்னு கேட்டுச்சு?" என்றார்.

நான் முட்டிபோட்டு, விளிம்புக்கு வெளியே குனிந்து, நயினாரின் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன். இரண்டு முடிச்சும் அவிழாமல் அப்படியே இருந்தன. கடல் தண்ணீர் என் முழங்கை வழியாக ஓடி, சேலைக்குள் இறங்கியது.